கூர்னா: ஒரு மண் ஊரின் கதை

ஒரே நூல் இரு மொழிகளில் இரண்டு பெயர்களோடு வெளிவருவது புதிதன்று. ஆனால் அவ்விரு பெயர்களும் ஒன்றையொன்று மறுத்து நிற்பது அரிது. எகிப்தியக் கட்டடக் கலைஞரான ஹசன் ஃபாத்தி தம் வாழ்வின் பெருந்தோல்வியைப் பற்றி எழுதிய நூல், 1969இல் கெய்ரோவில் 'கூர்னா: இரு ஊர்களின் கதை' என்ற பெயரில் சில பிரதிகள் மட்டும் அச்சாகி வெளிவந்தது. பிரெஞ்சு மொழிக்குச் சென்றபோது அதன் பெயர் 'மக்களோடு கட்டுதல்' என்றாயிற்று. 1973இல் சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகம் ஆங்கிலத்தில் வெளியிட்டபோது 'ஏழைகளுக்கான கட்டடக்கலை' என்று மாறியது. உலகம் பெரும்பாலும் அறிந்தது இந்த மூன்றாம் பெயரைத்தான்.

இலக்கணம் நடத்திப் பிழைப்பவனுக்கு இது கண்ணில் உறுத்தாமல் இராது. 'மக்களோடு' என்பது மூன்றாம் வேற்றுமை. 'ஏழைகளுக்கு' என்பது நான்காம் வேற்றுமை. நான்காம் வேற்றுமையின் பொருள்களில் முதலில் சொல்லப்படுவது கொடை. கொடை என்றால் கொடுப்பவன் ஒருவன், கொள்பவன் ஒருவன். இருவரும் ஒரே தளத்தில் நிற்பதில்லை. மூன்றாம் வேற்றுமையில் 'ஆல்' என்னும் கருவியும் உண்டு, 'ஒடு' என்னும் உடனிகழ்ச்சியும் உண்டு. மண்ணால் கட்டுவது, மக்களோடு கட்டுவது, ஏழைகளுக்குக் கட்டுவது ஆகிய இம்மூன்றையும் ஃபாத்தி ஒரே வேளையில் செய்ய முயன்றார். முதலாவதில் அவர் அடைந்த வெற்றி மறுக்க முடியாதது. மற்ற இரண்டுக்கும் நடுவே அவர் சிக்கிக்கொண்ட கதைதான் கூர்னா.

சுற்றுச்சூழலுக்கு உகந்த கட்டடம் என்று இன்று பேசுவோர் யாவரும் எங்கேனும் ஓரிடத்தில் ஃபாத்தியின் பெயரை உச்சரிக்கிறார்கள். அவர் நூலின் பழைய பிரதியொன்று பல ஆண்டுகளுக்கு முன் திருவல்லிக்கேணி நடைபாதைக் கடையில் எனக்குக் கிடைத்தது. அதன் பின்பகுதியில் இருந்த கறுப்பு வெள்ளைப் படங்களுக்காகவே வாங்கினேன். படித்தபோதுதான் அது கட்டடக்கலை நூல் என்பதைக் காட்டிலும் ஒரு தன்வரலாறு, அதிலும் கசப்பு மண்டிய தன்வரலாறு என்று புரிந்தது.

*

ஃபாத்தி 1900இல் அலெக்சாந்திரியாவில் பிறந்தார். தந்தை நிலவுடைமையாளர், ஆனால் கிராமத்தின் பக்கம் போக விரும்பாதவர். அங்கு ஈயும் கொசுவும் கெட்ட நீரும்தான் உண்டு என்பது அவர் எண்ணம். தாயோ இளமையைக் கிராமத்தில் கழித்தவர். நகரத்தில் இருந்துகொண்டு ஆட்டுக்குட்டியையும் வயலையும் பற்றிப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லி ஏங்கியவர். ரயில் சன்னல் வழியே மட்டுமே வயல்களைப் பார்த்திருந்த சிறுவனின் மனத்தில் அந்தத் தாய் சொன்ன கிராமம் ஒரு சொர்க்கமாக உருக்கொண்டது. கட்டடக்கலை படித்து முடித்து இருபதுகளின் பிற்பகுதியில் முதன்முறையாகக் குடும்பத்து நிலத்துக்குப் போனபோது, அங்கு கூலி வேலை செய்தவர்கள் வாழ்ந்த குடிசைகளைக் கண்டு அதிர்ந்ததாக எழுதுகிறார். தாயின் சொர்க்கமும் கண்ணால் கண்ட நரகமும் சேர்ந்தே அவரை ஆக்கின. இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்பது பின்னால் விளங்கும்.

எகிப்திய உழவனுக்குச் சுவர் ஒரு பொருட்டன்று. நைல் ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் காலடியில் கிடந்தது. அதில் வைக்கோலைக் கலந்து மிதித்து, மரச்சட்டத்தில் அடித்து, வெயிலில் காயவைத்தால் கல் தயார். சூளை வேண்டாம், விறகு வேண்டாம். சிக்கல் கூரையில்தான் இருந்தது. மண்ணுக்கு அழுத்தத்தைத் தாங்கத் தெரியும். இழுவையைத் தாங்கத் தெரியாது. ஆகவே தட்டையான கூரைக்கு உத்தரம் வேண்டும். எகிப்திலோ காடு இல்லை. மரம் கப்பலில் வந்தது. ஏழை உழவன் கரும்புச் சோகையையும் சோளத் தட்டையையும் போட்டு மூடிக்கொண்டு காலம் தள்ளினான்.

இரண்டாம் உலகப்போர் வந்தது. மரமும் இரும்பும் அரிதாயின. 1941 அளவில், பஹ்தீம் என்னுமிடத்திலிருந்த வேளாண் சங்கப் பண்ணையில் கட்டட வேலையில் இருந்த ஃபாத்தி, கூரையையும் மண்கல்லாலேயே வளைவாகக் கட்டிவிடலாமே என்று எண்ணினார். வளைவு கட்டத் தெரிந்த எந்தக் கொத்தனாரும் முதலில் கேட்பது சாரம்தான். வளைவு மூடிச் சாவிக்கல் விழும்வரை அதைத் தாங்கிப் பிடிக்க அடியில் மரச்சட்டம் வேண்டும். மரம் இல்லாத இடத்தில் மரத்தைத் தவிர்ப்பதற்காகக் கட்டும் வளைவுக்கே மரம் வேண்டும் என்றால் என்ன செய்வது? சாரமின்றிக் கட்டிப் பார்த்தார்கள், இடிந்து விழுந்தது.

அப்போது அவருடைய சகோதரர் ஒரு செய்தி சொன்னார். தெற்கே அஸ்வான் பகுதியில் நூபியர்கள் சாரமே இல்லாமல் மண் வளைவு கட்டுகிறார்கள் என்பது அச்செய்தி. ஃபாத்தி அஸ்வானுக்கு ரயில் ஏறினார். நகரத்தில் அப்படி ஒன்றும் தென்படவில்லை. ஆற்றைக் கடந்து மேற்குக் கரையிலிருந்த கர்ப் அஸ்வான் என்ற சிற்றூருக்குள் நுழைந்தபோது தாம் கண்ட காட்சியை அவர் விவரிக்கும் பகுதி, நூலிலேயே உணர்ச்சி ததும்பும் இடம். வெண்மையாகப் பூசிய, உயர்ந்த, தூய வீடுகள். ஒவ்வொன்றின் மேலும் மண்கல் வளைவு. அருகிலேயே புனித சிமியோன் மடாலயத்தில் அதே முறையில் ஆயிரம் ஆண்டுப் பழமையான வளைவுகள் இருந்தன. லக்ஸரில் ராமேசியத்தின் பின்புறத்துக் களஞ்சிய அறைகளில் மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் நின்றுகொண்டிருந்த மண் வளைவுகளையும் அவர் பார்த்தார். பல்கலைக்கழகத்தில் யாரும் அவருக்குச் சொல்லித்தராத ஒரு கலை, மன்னர் காலத்திலிருந்து அறுபடாமல் எழுத்தறியாத கொத்தனார்களின் கைகளில் வந்துசேர்ந்திருந்தது.

அந்தக் கொத்தனார்கள் வேலை செய்த விதம் இது. முதலில் அறையின் ஒரு பக்கச் சுவரை மற்றவற்றைவிட உயரமாக எழுப்பிவிடுவார்கள். அச்சுவரின் மீது ஈர மண்ணை வளைவின் வடிவில் பூசி, கைக்கோடரியால் செதுக்கிச் சரிசெய்வார்கள். கயிறு இல்லை, அளவுகோல் இல்லை, கண்தான் அளவு. வளைவுக்கென்றே தனிக் கல் அறுப்பார்கள். 25 சென்டிமீட்டர் நீளம், 15 அகலம், 5 கனம். சுவர்க் கல்லைவிட வைக்கோல் கூடுதல், ஆகவே எடை குறைவு. ஈரம் காயுமுன் அதன் முகத்தில் விரல்களால் சாய்வாகப் பள்ளம் கீறிவிடுவார்கள். அந்தப் பள்ளத்தில் ஈர மண் புகுந்து அட்டைபோல் உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். முதல் வரிசைக் கற்களை நேராக நிறுத்தாமல் பின்சுவரின் மீது சாய்த்து ஒட்டுவார்கள். இரு கொத்தனார்கள் இரு பக்கமிருந்து தொடங்கி உச்சியில் சந்திப்பார்கள். அடுத்த வரிசை முதல் வரிசையின் மீது சாயும். அதற்கடுத்தது அதன் மீது. ஒவ்வொரு வரிசையும் முன்னதற்குப் பாரமாகவும் பின்னதற்குச் சாரமாகவும் ஆகிவிடுகிறது. மூன்று மீட்டருக்கு நான்கு மீட்டர் அறையொன்றை இருவர் ஒன்றரை நாளில் மூடிவிட்டதாக ஃபாத்தி குறிப்பிடுகிறார். அவர்கள் வரைந்த வளைகோடு, பொறியியல் மாணவன் கணக்கிட்டு வரையும் பரவளையத்தோடு ஒத்திருந்தது. கல்லுக்குள் அழுத்தம் மட்டுமே ஓடுகிறது, இழுவை இல்லை. மண்ணின் குறையை வடிவம் ஈடுசெய்துவிட்டது.

*

நான்கு ஆண்டுகள் கழித்து ஃபாத்திக்கு ஓர் ஊரையே கட்டும் வாய்ப்பு வந்தது. லக்ஸருக்கு எதிர்க்கரையில், பண்டைய தீப்ஸின் பிரபுக்கள் புதைக்கப்பட்ட மலைச்சரிவில், கல்லறைகளின் மேலேயே குடியிருந்தது பழைய கூர்னா. ஐந்து சேரிகளாகப் பரந்து கிடந்த அவ்வூரில் ஏறக்குறைய 7,000 பேர் வாழ்ந்தனர். அவர்களது தொழிலைப் பற்றி மறைக்க ஒன்றுமில்லை. அகழாய்வுகளில் கூலி வேலை, பயணிகளுக்கு வழிகாட்டல், போலிச் சிலைகள் செய்து விற்றல், வீட்டின் அடியில் தோண்டி அசலையே விற்றல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வூரைச் சேர்ந்த அப்துல் ரசூல் குடும்பத்தார் மலையிடுக்கில் அரச பதனுடல்களின் மறைவிடம் ஒன்றைக் கண்டுபிடித்துப் பல ஆண்டுகள் இரகசியமாக விற்றுவந்தனர். 1881இல் அது வெளிப்பட்டபோது இரண்டாம் ராம்சேஸ் உள்ளிட்ட அரசர்கள் அங்கே கிடந்தார்கள். ஷாதி அப்துல் சலாம் இயக்கி 1969இல் வெளிவந்த 'அல் மூமியா' திரைப்படம் இந்நிகழ்வை அடிப்படையாகக் கொண்டதுதான். திரைப்படச் சங்கங்களில் அதைப் பார்த்த நண்பர்கள் அந்த மலையையும் கறுப்பு அங்கி அணிந்த மனிதர்களின் அமைதியையும் மறந்திருக்க மாட்டார்கள்.

1940களில் கல்லறையொன்றின் செதுக்குச் சுவரே அறுத்தெடுக்கப்பட்டபின் அரசு பொறுமை இழந்தது. மலையைக் கையகப்படுத்துவது, ஊரைக் கீழே சமவெளிக்கு மாற்றுவது என்று தொல்பொருள் துறை முடிவு செய்தது. குறைந்த செலவில் அழகாகக் கட்டக்கூடியவர் என்று ஃபாத்தியை அழைத்தது. 1945இல் வேலையை ஏற்றார். வயல்களுக்கு நடுவே 50 ஏக்கர் நிலம் வாங்கப்பட்டது.

ஃபாத்தி அதில் காட்டிய அக்கறையைப் படிக்கும்போது மனம் நெகிழாமல் இருக்காது. வரிசை வீடுகளை அவர் வெறுத்தார். 'பதனா' எனப்படும் உறவுக் குழுவே எகிப்தியக் கிராமத்தின் உண்மையான அலகு என்று கண்டு, ஒவ்வொரு பதனாவும் ஒரு பொது முற்றத்தைச் சுற்றி அமையுமாறு திட்டமிட்டார். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனி வடிவமைப்பு. மாட்டுக்கு இடம், அடுப்புக்கு இடம், விருந்தினருக்கு இடம். பள்ளியில் காற்றுப்பிடிகோபுரம் அமைத்தார். மேலே வீசும் காற்றைப் பிடித்து, நனைத்த அடுப்புக்கரித் தட்டுகளின் ஊடே கீழிறக்கும் அந்த ஏற்பாட்டால் வெப்பம் பத்து பாகை வரை தணிந்ததாகக் கூறுகிறார். மின்சாரம் இல்லை, இயந்திரம் இல்லை. மசூதியும் சந்தையும் சத்திரமும் நாடக அரங்கும்கூட எழுந்தன. அஸ்வானிலிருந்து நூபியக் கொத்தனார்கள் வந்து உள்ளூர் இளைஞர்களுக்குத் தொழில் பழக்கினர்.

ஆனால் ஊரார் வரவில்லை.

மூன்று பருவங்கள் வேலை நடந்தது. காகிதங்கள் கெய்ரோவுக்கும் லக்ஸருக்கும் இடையே அலைந்தன. வைக்கோல் வாங்கவும் ஒப்புதல் வேண்டியிருந்தது. 1947இல் காலரா வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு வெள்ளப் பருவத்தில், புதிய ஊரை நைலின் நீரிலிருந்து காத்த கரையை யாரோ இரவில் வெட்டிவிட்டார்கள். உடைப்பை அடைக்க ஓடிவந்தவர்களில் கூர்னா மக்கள் ஏன் கைகட்டி நின்றார்கள் என்பது ஃபாத்திக்கு மெல்லத்தான் புரிந்தது. 900 குடும்பங்களுக்குத் திட்டமிட்ட ஊரில் ஒரு சிறு பகுதிதான் எழுந்தது. 1940களின் இறுதியில் வேலை நின்றது. சில ஆண்டுகளில் அவர் நாட்டைவிட்டே வெளியேறி ஏதென்ஸுக்குப் போனார்.

ஊரார் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். மலையிலிருந்து இறங்குவது என்றால் பிழைப்பிலிருந்து இறங்குவது. சமவெளியில் அவர்களுக்கு வீடு தருவதாகச் சொன்னார்களே அன்றி உழுவதற்கு நிலம் தரவில்லை. நெசவும் சாயத்தொழிலும் கற்றுத்தரலாம் என்று ஃபாத்தி எண்ணினார்; கல்லறைத் தங்கத்துக்கு அது ஈடாகுமா என்பது வேறு. அவர்கள் கண்ணுக்குக் குவிமாடம் என்பது மகான்களின் சமாதிக்கு உரியது; அதனடியில் படுத்துறங்க மனம் கூசியது என்றும் சொல்லப்படுகிறது. திமத்தி மிட்செல் 2002இல் வெளியிட்ட 'வல்லுநர்களின் ஆட்சி' என்ற நூலில் ஃபாத்தியைக் கடுமையாகவே விசாரிக்கிறார். உழவனின் மரபை உழவனுக்கே கற்பிக்கப் புறப்பட்ட நகரத்துக் கனவான் என்பது அவ்விசாரணையின் சாரம். முழுவதும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. முழுவதும் தள்ளவும் இயலவில்லை.

என் தயக்கத்தைக் குலைத்தது ஃபாத்தியின் நூலிலேயே உள்ள ஒரு பக்கம். வீட்டுக்கு வீடு குழாய் கொடுக்கலாமா என்ற கேள்வியை அவர் எடுத்துக்கொள்கிறார். கொடுக்க அவருக்கு மனமில்லை. தண்ணீர் எடுக்கப் போவது ஒன்றே கிராமத்துப் பெண்ணுக்கு வெளியே வர வாய்ப்பு. அங்கேதான் மணப்பெண்ணை ஆடவர் காண்கிறார்கள். தலையில் குடம் சுமந்து நடப்பதால்தான் அவர்கள் நடையில் அந்த நிமிர்வு என்பன அவர் தரும் காரணங்கள். ஆகவே பொதுக் குழாய், பொதுக் கிணறு. மனித உறவுகளின் மீது அக்கறை கொண்ட ஒருவர் எழுதியதுதான் இது. ஆனால் குடத்தின் எடை என்ன என்று அந்தப் பக்கத்தில் எங்கும் இல்லை.

*

விழுப்புரம் மாவட்டத்தில் நான் பிறந்த வீடு மண் வீடு. செம்மண்ணை மிதித்துச் சுவர் வைத்து, பனஞ்சட்டம் போட்டு, விழல் வேய்ந்தது. கோடையில் அதற்குள் இருந்த குளுமையை நான் இன்றுவரை வேறெங்கும் அனுபவித்ததில்லை. அதை இடித்துக் கான்கிரீட் தளம் போட்ட நாளில் நான் வருந்தினேன். என் தாய் மகிழ்ந்தார். சில ஆண்டுகளுக்கு முன் அவரை ஆரோவில்லுக்கு அழைத்துச் சென்றேன். ஆரோவில் பார்வையாளர் மையத்துக்கு 1992இல் கிடைத்த விருதின் பெயர் ஹசன் ஃபாத்தி விருது. 1989இல் அங்கு தொடங்கப்பட்ட மண் கட்டுமான நிறுவனம் நூபிய வளைவைக் கற்று, வளர்த்து, உலகெங்குமிருந்து வருவோருக்குக் கற்பிக்கிறது. சூளையில் சுடாமல், நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் சிமெண்ட் சேர்த்து அழுத்திய மண்கற்கள். தலைக்கு மேல் கம்பியில்லாத வளைவு. ஃபாத்தி அஸ்வானில் அடைந்த பரவசத்தில் ஒரு துளி எனக்கும் கிடைத்தது. என் தாய் சுவரைத் தொட்டுப் பார்த்தார். "குளுகுளுன்னுதான் இருக்குது. இத யாரு மெழுவறது?" என்றார்.

மெழுகத் தேவையில்லை, இது வேறு வகை மண்கல் என்று விளக்கினேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. வாரம் தவறாமல் சாணம் கரைத்துத் தரையை மெழுகியவர், ஐப்பசி மழைக்கு முன் கரைந்த சுவருக்கு மண் அப்பியவர், கரையான் புற்றை இடித்தவர், விழல் மாற்றும் ஆண்டில் ஆள் கிடைக்காமல் அலைந்தவர் அவர். வீட்டின் குளுமைக்குக் கூலி கொடுத்தது அவருடைய இடுப்பு. ஃபாத்தியின் தாய் நகரத்திலிருந்துகொண்டு கிராமத்தைச் சொர்க்கமாக்கிப் பிள்ளைக்குக் கொடுத்தார். என் தாயிடம் அந்தச் சொர்க்கம் இல்லை. அது என்னிடம்தான் இருக்கிறது. ஒரு தலைமுறை நகர்ந்தவனுக்கே அது வாய்க்கும்போலும்.

ஆயினும் மண்ணின் பக்கத்துக் கணக்கு பொய்யாகிவிடவில்லை. 1824இல் ஜோசப் ஆஸ்ப்டின் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற சிமெண்ட், இன்று மனிதர் வெளியேற்றும் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்குக்குக் காரணமாக இருக்கிறது. சூளையின் வெப்பத்துக்கு எரிக்கும் நிலக்கரி ஒரு பங்குதான். சூளையில் சுண்ணாம்புக்கல் வேகும்போது அந்தக் கல்லே தன்னுள் பூட்டி வைத்திருந்த வாயுவை விட்டுவிடுகிறது. கரி எரிக்காத சூளையைக் கண்டுபிடித்தாலும் இரண்டாவதைத் தடுக்க முடியாது. மண்கல்லுக்கு வெயில் போதும். இடிந்தால் மீண்டும் வயல். எனினும் மண்ணும் வற்றாத ஊற்றன்று என்பதற்கு எகிப்தே சான்று. 1970இல் அஸ்வான் பேரணை நிறைவுற்றபின் நைலின் வண்டல் அணைக்குப் பின்னேயே தங்கிவிட்டது. புதுப்பிக்கப்படாத வயல்மண்ணைக் கல்லறுக்க வெட்டினால் பஞ்சம்தான் என்று 1980களில் அரசு அதைத் தடை செய்தது. ஃபாத்தி காலடியில் இலவசமாகக் கிடந்ததாகக் கண்ட பொருள், ஒரே தலைமுறையில் சட்டத்தால் காக்க வேண்டிய செல்வமாயிற்று.

அந்த அணை வேறு இரண்டையும் செய்தது. அவர் வியந்த கட்டடக் கலையின் தாய்நிலமான நூபியாவின் பெரும்பகுதியை நீரில் ஆழ்த்தியது. 1963, 64இல் ஏறக்குறைய 50,000 எகிப்திய நூபியர்கள் கோம் ஓம்போ பகுதிக்கு மாற்றப்பட்டு, அரசு கட்டிய வரிசை வீடுகளில் குடியமர்த்தப்பட்டனர். மற்றது கூர்னாவில் நிகழ்ந்தது. ஆண்டு முழுவதும் பாசனம் நடந்ததால் நிலத்தடி நீர் உயர்ந்து, உப்பைச் சுமந்துகொண்டு புதிய கூர்னாவின் மண்சுவர்களில் ஏறியது. காலியாகக் கிடந்த வீடுகளில் காலப்போக்கில் மக்கள் குடியேறினார்கள். பிறகு ஒவ்வொன்றாக இடித்துச் செங்கல்லாலும் கான்கிரீட்டாலும் கட்டிக்கொண்டார்கள். உப்பு மட்டுமே காரணமன்று. வளைவின் மேல் மாடி எழுப்ப முடியாது. மகனுக்குத் திருமணமானால் மேலே ஓர் அறை வேண்டும். எகிப்தானாலும் நம் ஊரானாலும், தட்டைத் தளத்தின் மேல் தூணிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கும் கம்பி, பிறக்கப்போகும் பேரனுக்கான இடம். ஃபாத்தியின் வளைவில் கம்பி நீட்ட வழியில்லை. அவர் குடும்பத்தின் அகலத்தை நன்கு கணக்கிட்டார், உயரத்தைக் கணக்கிடவில்லை.

பழைய கூர்னாவும் நிலைக்கவில்லை. 1998 ஜனவரியில் வீடுகளை இடிக்க வந்த காவல் படையோடு ஏற்பட்ட மோதலில் ஊரார் நால்வர் உயிரிழந்தனர். 2006 இறுதியில் தொடங்கிய இடிப்பில் அடுத்த சில ஆண்டுகளுக்குள் மலைச்சரிவு ஏறக்குறைய வெறுமையாயிற்று. ஹஜ் பயண ஓவியங்கள் தீட்டிய அந்த வீடுகளில் இருந்தவர்கள் வடக்கே கட்டப்பட்ட வரிசை வீடுகளுக்குப் போனார்கள். ஃபாத்தி ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி வரைபடம் போட்டு அழைத்தபோது இறங்காதவர்கள், அறுபது ஆண்டுகள் கழித்து, யாரும் எதுவும் கேட்காத வீடுகளுக்கு இறக்கப்பட்டார்கள். புதிய கூர்னாவை உலக நினைவுச்சின்ன நிதியம் 2010இல் அழிவின் விளிம்பில் உள்ள இடங்களின் பட்டியலில் சேர்த்தது. பின்னர் யுனெஸ்கோவின் முயற்சியில் பொதுக் கட்டடங்கள் சில சீரமைக்கப்பட்டன.

அவருக்கு மதிப்புகள் வராமல் இல்லை. 1980இல் ஆகா கான் விருதின் தலைவர் விருதும், அதே ஆண்டு மாற்று நோபல் எனப்படும் விருதும் கிடைத்தன. 1989இல் கெய்ரோவில் மறைந்தார். அதிகமாகக் கட்டியவர் அல்லர். கட்டியவற்றிலும் ஏழைகளுக்கானவை குறைவு, வசதி படைத்தவர்களின் இல்லங்கள் அதிகம். அவர் நூல் சென்ற தூரம் அவர் சுவர்கள் சென்றதைவிட மிகுதி. மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாசோவில் தோமா கிரானியே என்னும் பிரெஞ்சுக் கொத்தனாரும் செரி யூலு என்னும் உள்ளூர் விவசாயியும் சேர்ந்து 2000இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது அதே நூபிய வளைவைத்தான். ஊர் எதையும் திட்டமிடவில்லை, வரைபடம் போடவில்லை. உழவு இல்லாத வறண்ட மாதங்களில் உழவர்களைக் கொத்தனார்களாகப் பழக்கினார்கள். பழகியவர் அடுத்தவரைப் பழக்கினார். வீடு வேண்டுவோர் தம் கைக்காசில், தம் உழைப்பில் கட்டிக்கொண்டார்கள். முறையையும் எளிதாக்கினார்கள்: அளவுக்கு ஒரு கயிறு, ஒரே நீளத்தில் அறை, மேலே மண் தளம் போட்டு இரவில் படுத்துக்கொள்ளும் மொட்டைமாடி. பல சகேல் நாடுகளுக்கு அது பரவியிருக்கிறது. ஃபாத்தி பார்த்திருந்தால் அழகு போதாது என்று முகம் சுளித்திருக்கக்கூடும்.

நம் பக்கம் 2011இல் தமிழக அரசு பசுமை வீடுகள் திட்டத்தைக் கொண்டுவந்தது. 300 சதுர அடி, 1.80 லட்சம் ரூபாய், சூரிய ஒளி விளக்குகள். என் சித்திக்கு ஒரு வீடு கிடைத்தது. கான்கிரீட் தளம்தான், பசுமை என்பது விளக்கில் இருந்தது. சித்திரை வெயிலில் பகல் முழுவதும் அவர் வேப்பமரத்தடியில் இருப்பார். இரவில் தளம் சூட்டை இறக்கி முடியும்வரை வாசலில் படுத்திருப்பார். அந்த வீட்டைக் குறை சொன்னால் மட்டும் சினம் வரும். ஒழுகாத கூரையின் கீழ் பட்டாவோடு வாழ்வது என்னவென்று ஒழுகியவருக்குத்தானே தெரியும்.

இந்த ஆண்டு என் தம்பி எங்கள் வீட்டில் மாடி எடுக்கிறான். கம்பிகள் பல ஆண்டுகளாகத் துருவேறி நீட்டிக்கொண்டிருந்தன. மேல் அறையின் சுவரையாவது சுடாத மண்கல்லில் வைக்கலாமா என்று மேஸ்திரியிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "எங்க தாத்தா மண்ணுல சுவரு வெப்பாரு சார். நூலே போட மாட்டாரு, கண்ணாலயே பாப்பாரு. எனக்கு அது வராது. எங்கப்பாவுக்கும் வராது" என்றார். ஆரோவில்லில் கற்றுத்தருகிறார்கள், இங்கிருந்து ஒரு மணி நேரம்தான் என்றேன். அவ்வளவு நாளைக்குக் கூலி யார் தருவார்கள் என்று கேட்டார். நான் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். தம்பி இன்னும் சம்மதிக்கவில்லை. சுவர் வேலை தை மாதம் தொடங்குகிறது.